நேர்முள்ளும் வளைமுள்ளும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், துகேலா ஆற்றுக்கு வடக்கே தொடங்கி மொசாம்பிக் எல்லைவரை விரிந்து கிடக்கும் நிலம் ஜூலுலாந்து. இன்றைய குவாஜூலு-நேட்டால் மாகாணத்தின் வடபாதி. மேற்கே புல் மூடிய மேட்டுநிலம். நடுவே முட்காடு மண்டிய வெப்பப் பள்ளத்தாக்குகள். கிழக்கே ஏரிகள், மணற்குன்றுகள், அப்பால் இந்தியப் பெருங்கடல். சுற்றுலா விளம்பரங்கள் இந்நிலத்தை இரண்டு பெயர்களில் விற்கின்றன. ஜூலு மன்னர்களின் நாடு என்று சொல்லிப் போர்க்களங்களுக்கும் பண்பாட்டுக் கிராமங்களுக்கும் அழைத்துப் போகிறார்கள். காண்டாமிருகங்களின் நாடு என்று சொல்லி, வேலியிட்ட காப்பகத்துக்குள் திறந்த ஜீப்பில் ஏற்றுகிறார்கள். முதல் பயணத்தில் விலங்கு கிடையாது, இரண்டாவதில் மனிதர் கிடையாது. முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, மினிபஸ்ஸிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போகிறவருக்கு இந்தப் பிரிவினை அதிக நாள் தாங்குவதில்லை. ஆறு, மரம், மாடு, முள் என்று எதைத் தொட்டாலும் இரண்டு கதைகளும் பின்னிக்கொண்டுதான் வருகின்றன.

டர்பனிலிருந்து வடக்கே போகும் என்-2 நெடுஞ்சாலையில் முதலில் காடு வருவதில்லை, கரும்புதான் வருகிறது. துகேலாவுக்குத் தெற்கே நேட்டாலில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கரும்பு போட்டபோது, ஜூலுக்கள் தோட்டக் கூலிகளாக நிலைத்துநிற்க மறுத்தார்கள். அவர்களிடம் சொந்த நிலம் இருந்தது, மாடு இருந்தது. பிறர் வயலில் குனிய வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அவ்வழியே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். டோங்காட், ஸ்டாங்கர் ஊர்களின் கடைப்பலகைகளில் முதலி மூட்லி ஆகவும் கவுண்டர் கோவெண்டர் ஆகவும் திரிந்து நிற்பதை இன்றும் படிக்கலாம். ஸ்டாங்கரின் இப்போதைய பெயர் குவாடுகூசா. ஜூலு அரசை உருவாக்கிய ஷாகாவின் கடைசித் தலைநகர் அது. 1828 செப்டம்பரில் மாற்றாந்தாய்ச் சகோதரர்கள் கையால் அவர் குத்துண்டு இறந்ததும் அங்கேதான். கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நடத்தும் கடைகள் நிறைந்த ஊரின் நடுவில் அவருடைய நினைவிடம் இருக்கிறது.

துகேலாவைத் தாண்டிய பிறகு பயணத்தின் மொழி மாறுகிறது. மினிபஸ் நிரம்பினால்தான் கிளம்பும். கடைசி வரிசையில் கொடுத்த கட்டணம் பல கைகள் மாறி முன்னிருக்கைக்குப் போகும். முன்னால் உட்கார்ந்தவர் கணக்குப் பார்க்க, சில்லறை அதே கைகள் வழியே திரும்பி வரும். ஏறுகிறவர் 'சாவுபோனா' என்கிறார். 'உம்மைக் கண்டோம்' என்பது அதன் நேர்ப்பொருள். ஒருவர் சொல்லும்போதும் அதில் பன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்பவரோடு அவருடைய முன்னோரும் சேர்ந்து பார்க்கிறார்கள் என்று அதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. எதையும் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இடது கை வலது முன்கையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வலது கையில் ஒளித்த ஆயுதம் இல்லை என்று காட்டுவதாகத் தொடங்கியிருக்கலாம். இன்று அது வெறும் மரியாதை.

இந்நிலத்தின் கதை முழுவதையும் ஒரே ஆற்றின் கரையில் வைத்துச் சொல்லிவிடலாம். வெள்ளை உம்ஃபொலோசி என்பது அதன் பெயர். அதன் மேல்படுகையில் இருக்கிறது எமகோசினி, 'மன்னர்களின் இடம்'. ஷாகாவுக்கு முந்தைய ஜூலு தலைவர்கள் புதைந்திருக்கும் பள்ளத்தாக்கு அது. சற்றுக் கீழே உலுண்டி. 1879 ஜனவரி 22 அன்று இசண்ட்ல்வானா மலையடியில், படையெடுத்து வந்த பிரிட்டிஷாரின் முகாமை ஜூலு படை அழித்தது. பிரிட்டிஷ் தரப்பில் மாண்டவர்கள் 1,300க்கும் மேல். ஜூலுக்களிலும் ஆயிரத்துக்குக் குறையாமல் செத்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று உலுண்டிச் சமவெளியில் துப்பாக்கியும் பீரங்கியும் பழி தீர்த்துக்கொண்டன. மன்னர் செட்ஷ்வாயோவின் தலைநகர் எரிந்தது. இசண்ட்ல்வானாவில் இன்று வெள்ளையடித்த கற்குவியல்கள் புல்வெளியெங்கும் சிதறிக் கிடக்கின்றன. பிரிட்டிஷ் வீரர்கள் விழுந்த இடத்திலேயே புதைத்ததன் அடையாளங்கள். ஜூலு வீரர்களுக்கு 1999 வரை அங்கே நினைவுச்சின்னம் எதுவும் இல்லை. அவ்வாண்டு நிறுவியது, வீரத்துக்கு அணிவிக்கும் கழுத்துமாலையின் வெண்கல வடிவம். களத்திலிருந்து ஓடியவர்கள் எருமையாற்றை நோக்கித் தப்பிய வழியில் நடைபயணிகள் இன்றும் நடக்கிறார்கள்.

உலுண்டியைக் கடந்த ஆறு கிழக்கே இறங்கி, கறுப்பு உம்ஃபொலோசியோடு கூடுகிறது. கூடுதுறையை ஒட்டிய முக்கோண நிலம் ஜூலு மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. படைப்பிரிவுகள் மலைச்சரிவுகளிலிருந்து விலங்குகளை ஆற்றுமுனைக்கு விரட்ட, அங்கே தோண்டியிருந்த குழிகளில் அவை விழும். தூர்ந்துபோன குழிகளின் அடையாளம் இன்னும் இருக்கிறது. மன்னரின் ஆணையில்லாமல் அங்கே வேட்டையாட முடியாது என்பதால், வேட்டைக்களமே காப்பிடமாகவும் இருந்தது. டர்பன் துறைமுகம் வழியே நடந்த தந்த வியாபாரமும் துப்பாக்கியும் இந்த ஏற்பாட்டைக் குலைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவுக்குள் யானை இங்கிருந்து அற்றுப்போயிற்று. தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளெங்கும் திரிந்த வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கி, இந்த ஆற்றிடையில் மட்டும் மிஞ்சியது. 1887இல் பிரிட்டன் ஜூலுலாந்தை இணைத்துக்கொண்டது. 1895இல் உம்ஃபொலோசி, ஷ்லுஷ்லுவே, செயின்ட் லூசியா பகுதிகள் வேட்டை விலங்குக் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. அரசை இழந்த எட்டே ஆண்டுகளில் அரசவேட்டைக் காடும் புதிய ஆட்சியின் சொத்தாயிற்று.

காப்பகம் என்று பெயர் வைத்ததாலேயே விலங்குகள் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. 1897இல் மாட்டுக் கொள்ளைநோய் வந்து ஜூலுக்களின் மந்தைகளில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. அதன்பின் நகானா. செட்சி ஈ கடிப்பதால் மாடுகளைக் கொல்லும் நோய் இது. காட்டு விலங்குகளின் இரத்தத்தில் அவற்றுக்குக் கேடு செய்யாமல் தங்கியிருக்கும். சுற்றியிருந்த வெள்ளைப் பண்ணையாளர்கள் விலங்குகளை ஒழித்தால் ஈ ஒழியும் என்றார்கள். அரசே ஆள் வைத்துச் சுட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஜூலுலாந்தில் இப்படிச் சுட்டுத் தள்ளிய விலங்குகள் ஒரு லட்சம் அளவில் இருக்கும்; காண்டாமிருகம் ஒன்றைத்தான் விட்டுவைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு விமானத்திலிருந்து தெளித்த டி.டி.டி.யால்தான் ஈ அடங்கியது. விலங்கு தப்பிய காட்டின் கதையாகச் சொல்லப்படுவது, பாதி அளவுக்கு, காலியாக்கிய காட்டை மீண்டும் நிரப்பிய கதை.

அந்த நிரப்புதலில் ஒருவர் அழைக்காமலே வந்து சேர்ந்தார். 1958இல் உம்ஃபொலோசியில் ஓர் ஆண் சிங்கம் தென்பட்டது. மொசாம்பிக் பக்கமிருந்து பண்ணைகளையும் ஊர்களையும் தாண்டி நடந்தே வந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. சில ஆண்டுகள் தனியாகவே திரிந்தது. 1960களில் பெண் சிங்கங்கள் சத்தமில்லாமல் கொண்டுவந்து விடப்பட்டன. யானைகள் 1980களில் லாரியில் வந்தன.

முதுகுப்பை நடையும் அதே காலத்தில்தான் இங்கே தொடங்கியது. உம்ஃபொலோசியின் தென்பகுதியில் சாலையும் கட்டடமும் கூடாது என்று 1950களின் இறுதியில் ஒதுக்கினார்கள்; ஆப்பிரிக்காவில் அப்படி ஒதுக்கிய முதல் நிலம் அது. 1959இல் வனக்காவல் அதிகாரி இயான் பிளேயரும் மகுபு என்டொம்பேலாவும் சிறு குழுக்களை அங்கே நடத்திக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். என்டொம்பேலா 1914இலிருந்து காப்பகத்தில் வேலை செய்தவர், பள்ளிக்கூடம் அறியாதவர். பதவியில் பிளேயர் மேலே, என்டொம்பேலா கீழே. காட்டுக்குள் அது தலைகீழ்: தம் ஆசான் என்றே கடைசிவரை பிளேயர் அவரைக் குறிப்பிட்டார். எந்த ஓடைக்கு எந்த மன்னர் காலத்துப் பெயர், எந்தச் செடி எந்த நோய்க்கு, எந்தத் தடத்துக்கு எத்தனை மணி வயது என்பதெல்லாம் என்டொம்பேலாவின் படிப்பு. பிளேயரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் காண்டாமிருக மீட்பும் இதே ஆண்டுகளில் நடந்தது. மயக்க ஊசி போட்டுப் பிடித்து, 1961 முதல் க்ரூகர் பூங்காவுக்கும் பிற நாடுகளுக்கும் காண்டாமிருகங்களை அனுப்பினார்கள். இன்று உலகில் வாழும் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் அனைத்தும் இந்த ஆற்றிடையில் மிஞ்சியவற்றின் வழிவந்தவையே.

நடையின் முறை அன்றிலிருந்து அதிகம் மாறவில்லை. ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கிடையாது. துப்பாக்கியோடு இரண்டு வழிகாட்டிகள். எளிய வகை நடையில் கூடாரமும் இல்லை. படுக்கை, சோற்றுப்பானை, நான்கைந்து நாள் உணவு எல்லாம் அவரவர் முதுகில். ஒற்றை வரிசை, பேச்சுக் கூடாது. முன்னால் போகும் வழிகாட்டி சின்னத் துணிப்பையில் மரச்சாம்பல் வைத்திருப்பார்; அவ்வப்போது உதறிப் பார்ப்பார். சாம்பல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மனித வாடையும் போகிறது. கிட்டப்பார்வை கொண்ட காண்டாமிருகத்துக்கு எதிரியைக் காட்டிக்கொடுப்பது மூக்கும் காதும்தான். அவற்றுக்குமேல் ஒரு கூட்டாளியும் உண்டு: முதுகில் உட்கார்ந்து உண்ணி கொத்தும் சிவந்த அலகுக் குருவி. இதே காப்பகத்தில் நடத்தி 2020இல் வெளியான ஓர் ஆய்வில், குருவி இல்லாத கறுப்புக் காண்டாமிருகம் நெருங்கும் ஆளைச் சராசரியாக 27 மீட்டரில் கண்டுகொண்டது. குருவி இருந்தபோது 61 மீட்டரில். குருவி கத்தியதும் பெரும்பாலும் காற்று வீசிப்போகும் பக்கம் திரும்பி நின்றது, தன் மூக்குக்கு எட்டாத திசை அதுதான் என்று அதற்குத் தெரியும்.

இரண்டு இனங்களையும் பிரித்தறிய நிறம் உதவாது. இரண்டும் புரண்ட சேற்றின் நிறத்தில்தான் இருக்கும். வெள்ளைக்கு அகலமான சதுர உதடு, புல் மேயும். தலை எப்போதும் தரையோடு. கறுப்புக்குக் கூரிய உதடு, முள்மரக் கிளைகளைக் கிள்ளித் தின்னும். வெள்ளையின் கன்று தாய்க்கு முன்னால் ஓடும், கறுப்பின் கன்று தாய்க்குப் பின்னால் ஓடும். நடைபாதையில் மழமழவென்று பளபளக்கும் அடிமரமோ பாறையோ அடிக்கடி எதிர்ப்படும். சேறு காய்ந்த உடம்பைத் தலைமுறை தலைமுறையாகக் காண்டாமிருகங்கள் உரசித் தேய்த்த இடம் அது. கோயில் படிபோல வழவழப்பு ஏறியிருக்கும்.

ஆற்றில் மழைக்காலம் தவிர்த்தால் பெரும்பாலும் மணல்தான். மணலைக் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும்; குடிநீர் அதுவே. இரவில் நெருப்பைச் சுற்றிப் படுக்கை. முறை வைத்து ஒவ்வொருவராக ஒன்றரை மணிநேரம் விழித்திருக்க வேண்டும். காவல் இருப்பவர் நெருப்பைத் தூண்டிவிட்டு, கைவிளக்கை மெல்லச் சுற்றிலும் ஓட்டிப் பார்க்கிறார். இருட்டில் கண்கள் மின்னினால் வழிகாட்டியை எழுப்புகிறார். நகரத்து மனிதருக்குத் தன் உடம்பும் யாருக்கோ தீனி என்ற உண்மை உறைப்பது இந்த ஒன்றரை மணிநேரத்தில்தான். விடிந்ததும் சாம்பலைப் புதைத்து, நெருப்பு எரிந்த இடத்தில் மணலைப் பரப்பி, யாரும் தங்கவில்லை என்பதுபோலாக்கிவிட்டுக் கிளம்புவது விதி.

இந்த விதிக்குள் ஒரு முரண் இருக்கிறது. தடம் விடாமல் நடக்கச் சொல்லும் இதே மண்ணில் அரைக்கல் துண்டுகள் கிடக்கின்றன. இரும்பு உருக்கிய கசடு கிடக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே இங்கே இரும்பு உருக்கியவர்களும் மாடு மேய்த்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் புல்லுக்குத் தீ வைத்துப் புதுத் தளிர் வரவைத்தார்கள். விறகுக்கும் தொழுவத்துக்கும் முள்மரம் வெட்டினார்கள். மேயும் விலங்குக்கு வேண்டிய திறந்த புல்வெளியும் கிளை கிள்ளும் விலங்குக்கு வேண்டிய புதரும் மாறிமாறி வரும் இந்த நில அமைப்பில் அவர்கள் கைக்கும் பங்குண்டு. மனிதர் கால் படாத காடு என்று நடைபயணி ரசிப்பது, மனிதர்களை வெளியேற்றியபின் எஞ்சிய காடு. இதைத் தெரிந்துகொள்வதால் காட்டின் அழகு குறைவதில்லை. யாருடைய உழைப்பின் மேல் நடக்கிறோம் என்பது தெரியவரும்.

வேலிக்கு வெளியே வந்தால் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். பழைய முறையில் அமைந்த ஜூலு வீட்டுமனையின் நடுவே இருப்பது வீடன்று, மாட்டுத்தொழுவம். வட்டமான தொழுவத்தைச் சுற்றித்தான் குடிசைகள். தானியக் குழி வெட்டுவது தொழுவத்துக்குள், மன்றாட்டு நடப்பது தொழுவத்தில். மணப்பெண்ணுக்கான பரிசம் பத்து மாடும், தாய்க்கென்று தனியே ஒன்றும்; இன்று அதைப் பணமாக எண்ணிக் கொடுத்தாலும் கணக்கு மாட்டில்தான் நடக்கிறது. மாட்டின் நிறத்துக்கு ஜூலு மொழியில் இருக்கும் பெயர்கள் வேலிக்கு உள்ளிருக்கும் காட்டையே அள்ளி வைத்திருக்கின்றன. வெளிர் உடலில் செம்புள்ளி தெறித்த மாடு 'வானம்பாடியின் முட்டைகள்'. கறுத்த மாடு அசைகையில் வெள்ளை பளிச்சிட்டால், 'தரை இருவாய்ச்சி பறக்க எழுகிறது'. வெள்ளையில் பொடிக் கறுப்புப் புள்ளி விழுந்தது 'மோரில் ஈ'. பறவையின் முட்டையைப் பார்த்திராத ஒருவர் தம் மாட்டுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க முடியாது.

ஊர்களின் பெயரும் அப்படியே. ஷ்லுஷ்லுவே என்பது ஆற்றங்கரை மரங்களைச் சுற்றி ஏறும் ஒரு முட்கொடியின் பெயர். நம்முடைய ஈட்டி மரம் இருக்கும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. காப்பகத்துக்கு உள்ளும் வெளியிலும் ஒன்றுபோல் வளரும் இன்னொரு முள்மரம் உம்லாஷ்லான்கோசி. இலந்தையின் உறவு, 'மன்னரைப் புதைப்பது' என்று பொருள். வீட்டை விட்டுத் தொலைவில், மருத்துவமனையிலோ சாலை விபத்திலோ ஒருவர் இறந்தால், குடும்பத்துப் பெரியவர் இம்மரக்கிளையோடு அந்த இடத்துக்குப் போய் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். கிளையில் ஏறி வரும் ஆவியை வீட்டுக்குக் கூட்டிவருகிறார். வழியில் வேறு யாரோடும் பேசக் கூடாது. மினிபஸ்ஸில் கிளைக்கும் சேர்த்து இரண்டு இருக்கைக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் காரணம் கேட்பதில்லை. இதே மரத்தின் கணுக்களில் முட்கள் இரட்டையாக வருகின்றன: ஒன்று நேராக, ஒன்று பின்னோக்கி வளைந்து. நேர்முள் போக வேண்டிய வழியையும் வளைமுள் வந்த வழியையும் காட்டுவதாகச் சொல்வார்கள். காப்பகத்துக்குள் இதே கிளைகளைக் கறுப்புக் காண்டாமிருகம் முள்ளோடு மெல்லுகிறது.

கிழக்கே கடலோரம் இசிமாங்கலிசோ ஈரநிலப் பூங்கா. 'அதிசயம்' என்பது பெயரின் பொருள். 1980களின் கடைசியில் இதன் மணற்குன்றுகளை டைட்டானியத்துக்காகத் தோண்ட ஒரு திட்டம் எழுந்தது. கையெழுத்திட்டு எதிர்த்தவர்களில் நெல்சன் மண்டேலாவும் ஒருவர். 1996இல் அரசு திட்டத்தை நிராகரித்தது. 1999இல் பூங்கா தென்னாப்பிரிக்காவின் முதல் உலகப் பாரம்பரியக் களங்களில் ஒன்றாயிற்று. செயின்ட் லூசியா ஊரில் இரவானால் நீர்யானைகள் ஏரியிலிருந்து தெருவுக்கு ஏறிவந்து புல்தரைகளை மேய்கின்றன. சாப்பிட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பும் பயணிக்கு ஊரார் சொல்லும் அறிவுரை, ஒதுங்கி வழிவிடு என்பதுதான். இன்னும் வடக்கே, கோசி விரிகுடாவின் கழிமுகத்தில் சோங்கா மக்கள் குச்சி நட்டு மீன்வேலி கட்டுகிறார்கள். வளைந்து வளைந்து போகும் வேலி மீனை ஒரு சிறு கூண்டுக்குள் நடத்திக் கொண்டுபோகிறது. இடைவெளி விட்டுக் கட்டுவதால் குஞ்சுமீன் தப்பிப்போகும். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் சொத்து இது. இந்நிலத்தில் காணும் வேலிகளில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவது இது ஒன்றுதான்.

காப்பகத்தின் கம்பிவேலிக்கு இன்று வேலை அதிகம். 2023இல் தென்னாப்பிரிக்காவில் கள்ளவேட்டைக்குப் பலியான காண்டாமிருகங்கள் 499. அவற்றில் 325 இந்த மாகாணத்தில், பெரும்பாலும் ஷ்லுஷ்லுவேயும் உம்ஃபொலோசியும் சேர்ந்த காப்பகத்தில். எந்த இடம் இனத்தைக் காப்பாற்றியதோ அதே இடம் கொலைக்களமாயிற்று. 2024இல் கொம்பை அறுத்துவிடும் வேலை தொடங்கியது. நகம்போன்ற பொருள் ஆதலால் கொம்பு திரும்ப வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அறுக்க வேண்டும். கொம்பின் விலை ஒருபுறம், வேலையில்லாத ஊர்கள் மறுபுறம். காப்பகத்தின் கிழக்கெல்லையை ஒட்டிய சோம்கேலேயில் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதற்காகக் குடும்பங்களும் குடும்பக் கல்லறைகளும் இடம்பெயர்ந்தன. சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே என்ட்ஷாங்காசே 2020 அக்டோபரில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முதுகுப்பை நடைக்கு வருகிறவர் செலுத்தும் கட்டணம் காவலர் சம்பளமாகிறது என்பது உண்மை. வேலிக்கு அப்பால் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த நடையை ஒருமுறையும் நடந்ததில்லை என்பதும் உண்மை.

நடக்கிறவர்கள் வேறு வழியாக நடக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதம் சில நாள்களுக்கு செயின்ட் லூசியா கழிமுகச் சதுப்பில் இன்செமா கோரை அறுக்க அனுமதி உண்டு. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பெண்கள் அரிவாளோடு திரண்டு வருகிறார்கள். முழங்காலளவு நீரில் நின்று அறுத்து, கட்டுக்கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றுகிறார்கள். முதலை இருக்கும் நீர் என்பது அவர்களுக்குத் தெரியும். கோரை காய்ந்து பாயாகிறது: படுக்கப் பாய், விருந்தாளிக்கு விரிக்கும் பாய், மணப்பெண் புகுந்த வீட்டாருக்குக் கொண்டுபோகும் சீரில் அடுக்கும் பாய். அவர்கள் பூங்காவின் வாயில் வழியே வெறும் தலையோடு உள்ளே போய், அதே வாயில் வழியே சுமையோடு வெளியே வருகிறார்கள்.